பஞ்சகனியில் படித்த பாடகர்

ஆண்டுதோறும் ஜூன் மாதம் 21ஆம் நாள் மாலையில் புதுச்சேரியில் இசைக்குழுக்கள் திறந்த வெளியில் பாடுவதுண்டு. 1982ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டில் தொடங்கப்பெற்ற இசைத் திருநாள் அது. பிரெஞ்சு ஆட்சி 1954இல் எங்கள் ஊரை விட்டு நீங்கிய பின்னும் நீங்காத தொடர்புகள் சில உண்டல்லவா, அவற்றின் வழியே இத்திருநாளும் இங்கு வந்து சேர்ந்தது. ஒரு முறை ஒன்பதாம் வகுப்பில் பயிலும் என் பேரன் என்னையும் அங்கே அழைத்துச் சென்றான். மின்கிதார் இரண்டு, முரசுத் தொகுதி ஒன்று, பாடுவதற்கு ஓர் இளைஞன். தொடக்கத்தில் என் காதுகள் வருந்தின என்பதை மறைக்க விரும்பவில்லை. கருநாடக இசையிலும் பழைய நாடகப் பாட்டிலும் பழகிய செவி அது. ஆயினும், மூன்றாவது பாட்டின்போது அவ்விளைஞன் கூட்டத்தை நோக்கி ஓர் ஓசையை எறிய, கூட்டம் அதனைத் திருப்பி எறிய, எனக்குப் பழைய பஜனை மடம் நினைவுக்கு வந்தது. முன்பாடுவார் ஒரு வரி சொல்ல, பின்பாடுவார் அதனை வாங்கிச் சொல்லும் முறையன்றோ இது என்று வியந்தேன்.

“இந்த முறையைப் பெரிதாக்கியவர் யார் தெரியுமா, தாத்தா? நம் நாட்டுப் பள்ளியில் படித்தவர்தாம்” என்றான் பேரன்.

நாற்பது ஆண்டுக்கு மேல் கல்வித் துறையில் இருந்தவனுக்கு இது தெரியவில்லையே என்ற நாணத்தால், பின்னர் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததில் ஒரு செய்தி என் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்தது. அதனைப் பின்னால் சொல்லுகிறேன். முதலில் அவர் வரலாற்றைக் கேளுங்கள்.

பிரெடி மெர்க்குரி என்று உலகம் அறிந்த அப்பாடகரின் இயற்பெயர் பரூக் புல்சாரா. 1946ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையை அடுத்த சான்சிபார்த் தீவில் பிறந்தார். பெற்றோர் குசராத்திலிருந்து சென்ற பார்சி வகுப்பினர். தந்தை அங்கே ஆங்கில அரசின் அலுவலகத்தில் காசாளர். மகனுக்கு நல்ல கல்வி வேண்டும் என்று கருதி, எட்டு வயதுச் சிறுவனை அரபிக்கடலுக்கு இப்பால் அனுப்பி, மராட்டிய நாட்டு மலையூராகிய பஞ்சகனியில் தூய பீட்டர் பள்ளியின் விடுதியில் சேர்த்தார்கள். அந்த வயதில் தாயைப் பிரிந்து, மாதக்கணக்கில் அவள் முகம் காணாது வாழ்வது எளிதன்று. விடுதிப் பள்ளிகளில் பணியாற்றியோர், விளக்கணைத்த பின் தலையணைக்குள் அழும் பிள்ளைகளின் ஓசையை அறிவர்.

இன்னொரு துன்பமும் அச்சிறுவனுக்கு இருந்தது. மேல்தாடையில் இயல்புக்கு மேற்பட்ட நான்கு பற்கள் இருந்தமையால், முன்பற்கள் வெளியே தள்ளி நின்றன. பள்ளிப் பிள்ளைகள் பட்டப்பெயர் வைப்பதில் எக்காலத்தும் வல்லவர்கள். பற்களைக் குறித்தே அவருக்கும் ஒரு பட்டப்பெயர் சூட்டினார்கள். சிரிக்கும்போது மேலுதட்டால் பற்களை மூடும் வழக்கம் அவரிடம் இறுதிவரை இருந்தது. செல்வம் குவிந்த பின்னும் அவற்றைத் திருத்திக்கொள்ள அவர் இசையவில்லை. வாயின் அமைப்பு மாறினால் குரலும் மாறிவிடும் என்று அஞ்சினாராம்.

அப்பள்ளியில்தான் பியானோ அவருக்குக் கிடைத்தது. கிடைத்த விதம் கவனிக்கத்தக்கது. சிறுவனின் இசைத் திறத்தைக் கண்ட தலைமையாசிரியர், சான்சிபாரிலிருந்த பெற்றோர்க்குக் கடிதம் எழுதினார். சற்றே கூடுதலான கட்டணம் செலுத்தினால் உங்கள் மகன் பியானோவை முறையாகப் பயிலலாம் என்பது கடிதத்தின் கருத்து. பெற்றோர் இசைந்தனர். சிறுவன் நான்காம் நிலைத் தேர்வு வரை தேறினான். பின்பு மாணவர் ஐவர் கூடி ‘தி ஹெக்டிக்ஸ்’ என்ற பெயரில் ஒரு குழு அமைத்தனர். அதில் நம் பரூக் பாடகர் அல்லர், பியானோ வாசித்தவர். எல்விஸ் பிரெஸ்லி, லிட்டில் ரிச்சர்டு, பேட்ஸ் டாமினோ, கிளிப் ரிச்சர்டு முதலானோரின் பாட்டுகளை வாசித்தார்கள். கிளிப் ரிச்சர்டு 1940இல் நம் இலக்னோவில் பிறந்தவர் என்பது இடையே ஒரு செய்தி. அதே நாளில் பம்பாய்த் திரைப்பாட்டும் பரூக்கின் செவியில் விழுந்துகொண்டிருந்தது. இலதா மங்கேஷ்கரின் குரல் அவரை ஈர்த்ததாகக் கூறுவர்.

இந்த ‘ராக்’ என்னும் இசை யாது என்று சில மாணவர்கள் கேட்கக்கூடும். அச்சொல்லுக்குப் ‘பாறை’ என்று பொருள்கொண்டு, ‘பாறை இசை’ என மொழிபெயர்த்தோரையும் நான் கண்டிருக்கிறேன். இங்கே அச்சொல் அசைந்தாடுதல் என்னும் பொருளில் வந்தது. அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்கள், அடிமை வாழ்வின் துயரிலிருந்தும் திருக்கோயில் வழிபாட்டிலிருந்தும் வளர்த்தெடுத்த பாடல் மரபே அதன் வேர். 1950களில் மின்கிதாரும் முரசும் சேர்ந்து அதற்கு வேகம் தந்தன. ஓலைக் குடிசையில் பிறந்த தெருக்கூத்தை ஒரு காலத்தில் கற்றோர் இகழ்ந்தது போலவே, இதனையும் அந்நாட்டுப் பெரியோர் முதலில் இகழ்ந்தனர்.

1964ஆம் ஆண்டு சனவரியில் சான்சிபாரில் புரட்சி மூண்டது. புல்சாரா குடும்பம் உடைமைகளை விட்டு இங்கிலாந்துக்குச் சென்று, இலண்டனை அடுத்த பெல்தம் என்னுமிடத்தில் குடியேறியது. பதினேழு வயது இளைஞர், வானூர்தி இரைச்சல் ஓயாத புறநகர் ஒன்றில், அயலவராக வாழத் தொடங்கினார். ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலை பயின்று 1969இல் பட்டயம் பெற்றார். இக்கல்வி வீண்போகவில்லை. பின்னாளில் தம் குழுவின் சின்னத்தை அவரே வரைந்தார்.

அவர் உள்ளத்தைக் கவர்ந்த கலைஞர் பலர். முதன்மையானவர் ஜிமி ஹென்றிக்ஸ் என்னும் கறுப்பினக் கிதார் கலைஞர். கல்லூரி நாளில் அவரை மீண்டும் மீண்டும் ஓவியமாகத் தீட்டினார் பரூக். இலண்டனின் கென்சிங்டன் அங்காடியில், உற்ற நண்பர் ராஜர் டெய்லருடன் சேர்ந்து பழைய உடைகள் விற்கும் சிறு கடை நடத்தி வந்தார். 1970ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் ஹென்றிக்ஸ் இறந்த செய்தி வந்தபோது, இருவரும் கடையைச் சாத்திவிட்டார்கள். அவருடைய இன்னொரு விருப்பம் அரீத்தா பிராங்ளின் என்னும் அம்மையாரின் குரல். மேடையில் ஒருவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை லைசா மினெல்லி என்னும் நடிகையிடம் கற்றார். கிதார், குரல், நடிப்பு ஆகிய மூன்றுக்கும் மூன்று ஆசான்கள். மூவரும் தாம் ஆசான்கள் என்பதை அறியாதவர்கள்!

அந்த 1970ஆம் ஆண்டிலேயே ‘குவீன்’ என்னும் குழு பிறந்தது. குவீன் என்றால் அரசி. குழுவில் அரசி எவரும் இல்லை, நால்வரும் ஆடவர். அப்போதுதான் அவர் மெர்க்குரி, அதாவது புதன் என்னும் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டார். மற்ற மூவரைப் பற்றி ஒரு சொல். ‘பாட்டுக்காரர்க்குப் படிப்பு ஏறாது’ என்று எண்ணும் பெற்றோர்க்காக இதனைச் சொல்லுகிறேன். கிதார் வாசித்த பிரையன் மே, வான்பொருள் இயற்பியல் மாணவர். இசைக்காக நிறுத்திய ஆராய்ச்சியை முப்பது ஆண்டுகட்குப் பின் மீண்டும் தொடர்ந்து, 2007இல் முனைவர் பட்டம் பெற்றவர். தம் கிதாரைத் தந்தையுடன் சேர்ந்து கையாலேயே செய்தார். அதன் கழுத்துக்கு உதவியது பழைய கணப்பு அடுப்பின் மேல்சட்டம். ராஜர் டெய்லர் பல் மருத்துவம் பயிலத் தொடங்கி, உயிரியலில் பட்டம் பெற்றவர். 1971இல் வந்து சேர்ந்த ஜான் டீக்கன் மின்னணுவியலில் முதல் வகுப்பினர். பல் மருத்துவம் தொட்டவர் பக்கத்திலேயே இருந்தும் மெர்க்குரியின் பற்கள் அப்படியே இருந்தன என்பது வேடிக்கைதான்.

குழுவின் புகழை நிலைநாட்டியது 1975இல் வந்த ‘பொகீமியன் ராப்சொடி’ என்னும் பாட்டு. மெர்க்குரி இயற்றியது. கிட்டத்தட்ட ஆறு நிமிடம் நீள்வது. பல்லவி திரும்பத் திரும்ப வரும் வழக்கம் இதில் இல்லை. மெல்லிய பியானோப் பாட்டாகத் தொடங்கி, கிதார் இசையாகி, திடீரென்று இத்தாலிய இசை நாடகம் போல் பல குரல்கள் வாதிட்டு, பின் பெரும் முழக்கமாய் எழுந்து, இறுதியில் தொடங்கிய அமைதிக்கே திரும்புகிறது. நம் நாடக மேடையில் விருத்தம், கீர்த்தனை, தர்க்கப் பாட்டு என ஒன்றன்பின் ஒன்றாக வருமே, அதனை ஒரே பாட்டில் அடக்கியது போன்றது இது. நடுவே கேட்கும் பெருங்குழுவின் குரல் உண்மையில் மூவரின் குரலே. ஒருமுறை பாடிப் பதிந்ததன் மேல் மறுமுறை பாடி, அதன்மேல் பின்னும் பாடி, நூற்றுக்கு மேற்பட்ட அடுக்குகளாகச் சேர்த்தனர். காந்த நாடா பலமுறை ஓடி ஓடித் தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும் நிலைக்கு வந்துவிட்டதாம்.

வானொலி நேயர்கள் மகிழத்தக்க செய்தி ஒன்று இங்கே உண்டு. ‘இத்துணை நீண்ட பாட்டை எந்த வானொலியும் ஒலிபரப்பாது’ என்று இசைத்தட்டு நிறுவனத்தார் தயங்கினர். இலண்டன் வானொலி அறிவிப்பாளர் கென்னி எவரெட் என்பாருக்கு ஒரு படி கிடைத்தது. அவர் அதனை வார இறுதி இரண்டு நாளில் பதினான்கு முறை ஒலிபரப்பினார்! திங்கட்கிழமை மக்கள் கடைகளில் சென்று கேட்டனர். இங்கிலாந்தில் அப்பாட்டு ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது.

ஆனால், மெர்க்குரியை முழுமையாக அறிய வேண்டுமானால் மேடையில்தான் காண வேண்டும். தனியே சந்தித்தோர்க்கு அவர் கூச்சம் மிகுந்தவர். நேர்காணல் என்றால் ஒதுங்குவார். மேடை ஏறினால் வேறொருவர். தொடக்க கால நிகழ்ச்சி ஒன்றில் ஒலிவாங்கியின் தாங்கி இடையில் கழன்று, அரைத்தண்டு மட்டும் கையில் நின்றுவிட்டது. வேறொருவராயின் நிகழ்ச்சியை நிறுத்தி அதனைச் சீர்செய்திருப்பர். அவரோ அந்த அரைத்தண்டையே செங்கோலாக, வாளாக, சில வேளை கிதாராகவும் ஏந்தி ஆடினார். அதன்பின் இறுதிவரை அவர் கையில் அரைத்தண்டுதான்.

1985ஆம் ஆண்டு சூலை 13ஆம் நாள், எத்தியோப்பிய நாட்டுப் பஞ்சத்தில் வாடியோர்க்குப் பொருள் திரட்டும் பொருட்டு, இலண்டன் வெம்பிளி அரங்கிலும் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் ஒரே நாளில் பெரும் இசை விழா நடைபெற்றது. வெம்பிளியில் ஏறத்தாழ 72,000 பேர் கூடினர். ஒவ்வொரு குழுவுக்கும் கிடைத்தது சுமார் இருபது நிமிடமே. குவீன் குழுவினர் புகழ்பெற்ற பின்னும் அந்த இருபது நிமிடத்துக்காகப் பல நாள் ஒத்திகை பார்த்தனர். எந்தப் பாட்டை எங்கே வெட்டுவது, எதிலிருந்து எதற்குத் தாவுவது என்று கணக்கிட்டனர். மாணவர்களே, ‘பிறவித் திறமை’ என்று நாம் எளிதாகச் சொல்லும் சொல்லுக்குப் பின்னே இந்தக் கணக்கு இருக்கிறது. அன்று அவர்கள் பாடியவற்றுள் ஒன்று டெய்லர் இயற்றிய வானொலியைப் பற்றிய பாட்டு. தொலைக்காட்சி வந்தபின் வானொலியை மறக்கலாமா என்று ஏங்குவது. அப்பாட்டில் 72,000 பேரும் ஒருசேரக் கைகளைத் தலைக்கு மேலே உயர்த்தித் தட்டினர்.

இதில் இயற்பியல் ஒன்று உண்டு. ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மேடையிலிருந்து 100 மீட்டருக்கு அப்பால் நிற்பவர் செவிக்குப் பாட்டு எட்ட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நொடி ஆகும். ஆதலின், பின்னால் நிற்பவர் சற்றுப் பிந்தியே கைதட்டுவர். கைதட்டல் முன்னிருந்து பின்னோக்கிக் காற்றில் அசையும் நெல்வயல் போல ஓடும். பாடகர் பின்னாலிருந்து வரும் ஓசைக்குச் செவி கொடுத்தால் தாளம் தவறும். அவர் தம் தாளத்தை விடாது, ஆனால் கூட்டத்தையும் விடாது பிடித்திருக்க வேண்டும். பாட்டுகளுக்கு இடையே மெர்க்குரி பொருளற்ற ஓசைகளை நீட்டிப் பாட, கூட்டம் திருப்பிப் பாடியது. நான் கடற்கரையில் கேட்டது அதன் சாயலைத்தான்.

அக்குரலின் இயல்பை 2016ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் சிலர் பழைய பதிவுகளைக் கொண்டு அளந்தார்கள். பேசும்போது அவர் குரல் நொடிக்குச் சுமார் 117 அதிர்வு. அதாவது நடுத்தரமான ஆண்குரல். பாடும்போதோ உச்சத்தாயியில் உலவினார். சுரத்தை நீட்டி அசைக்கும்போது அவ்வசைவு நொடிக்கு ஏழு முறை. பயின்ற மேலைநாட்டுப் பாடகர் பலரினும் விரைவானது. நம் கமகத்தோடு இதனை முற்றும் ஒப்பிட இயலாது. எனினும், சுரம் ஆடாமல் நின்றால் உயிர் இல்லை என்பதை இரு மரபும் அறிந்தேயுள்ளன.

எங்கள் ஊரில் கருவடிக்குப்பத்தில் சங்கரதாசு சுவாமிகளின் சமாதி இருக்கிறது. 1922இல் புதுவையில் மறைந்த அந்த நாடகத் தந்தை, சிறுவர்களையே கொண்ட குழுவுக்குப் பாட்டும் நடிப்பும் கற்பித்தவர். அவர் மரபு தழைத்த மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பா என்னும் பாடகர் தோன்றினார். ஒலிபெருக்கி பரவாத அக்காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசை வரை தம் குரலைச் செலுத்திய அவர், 1933இல், இருபத்தேழாம் வயதில், மறைந்தார். அவர் மனைவியும் மாபெரும் பாடகியுமான கே.பி. சுந்தராம்பாள் அம்மையார், 1980இல் தாம் மறையும்வரை வெள்ளாடையே உடுத்தார். மெர்க்குரியின் வரலாற்றைப் படிக்கையில் எனக்குக் கிட்டப்பாதான் நினைவுக்கு வந்தார். மேடைக்கென்றே எரிந்து முடியும் திரிகள் எல்லா நாட்டிலும் உண்டு போலும்.

மெர்க்குரியின் கடைசி மேடை 1986ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள், இங்கிலாந்தின் நெப்வொர்த் என்னுமிடத்தில் அமைந்தது. பின் அவரை எய்ட்சு நோய் பற்றியது. நம் நாட்டில் அந்நோய்க் கிருமியை 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் முதன்முதலில் கண்டறிந்தனர் என்பதை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். அந்நாளில் நோயைக் காட்டிலும் அதனைச் சுற்றிய இகழ்ச்சி கொடிது. நோயுற்றோரைத் தொட அஞ்சினர். வீடு தர மறுத்தனர். குற்றவாளியைப் போல் நோக்கினர். செய்தித்தாள்கள் மெர்க்குரியின் வாயிலில் காத்துக்கிடந்தன. அவர் வாய் திறக்கவில்லை. பாடுவதை நிறுத்தவும் இல்லை. நிற்க வலுவில்லாத நாளிலும் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரே நகரத்து ஒலிப்பதிவு நிலையத்துக்கு வந்தார். 1991ஆம் ஆண்டு மே மாதம் அங்கே ஒரு பாட்டின் கடைசிப் பகுதியைப் பின்னர் வந்து பாடுவதாகச் சொல்லிப் போனவர், வரவில்லை. அப்பகுதியைப் பிரையன் மே பாடி நிறைவு செய்தார். நவம்பர் 23ஆம் நாள் தம் நோயை உலகுக்கு அறிவித்தார், மறுநாள் காலமானார். வயது நாற்பத்தைந்து. பார்சி மதகுருமார் சடங்கு செய்தனர். அந்நோயைக் கட்டுக்குள் வைக்கும் கூட்டு மருந்து முறை 1996இல்தான் வந்தது. ஐந்தாண்டு பிந்தியது!

இனி, தொடக்கத்தில் நான் சொன்ன முள்.

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி ஒன்றில், பதினோராம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். சாய்பலகையில் விரலால் தாளம் போடுவான். ஆண்டு விழாவில் பாடினால் சமையற்கூடத்தில் இருப்பவர்களும் வெளியே வந்து நிற்பார்கள். நண்பர்களோடு ஒரு குழு அமைத்து, விடுமுறையில் பாடிவந்தான். அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்தது. அவன் தந்தையை வரவழைத்தேன். அவர் சிறு ஊதியத்தில் குடும்பம் நடத்துபவர். “பாட்டு சோறு போடாது ஐயா, நீங்களே சொல்லுங்கள்” என்றார். நானும் சொன்னேன். அவனை அறைக்கு அழைத்து, இசைக்குழுவை விட்டாலன்றி பள்ளி விழாவிலும் இடமில்லை என்றேன். எதிர்த்துப் பேசவில்லை, “சரிங்க ஐயா” என்று சொல்லிப் போனான். இறுதித் தேர்வில் நன்றாகத் தேறினான். நான் அதனைப் பல கூட்டங்களில் பெருமையாகக் கூறியிருக்கிறேன்.

நான் ஓய்வு பெற்றபோது வெளிநாட்டிலிருந்து வந்து மாலை அணிவித்தான். கணக்குத் துறையில் நல்ல வேலை. “இப்போது பாடுகிறாயா?” என்றேன். சிரித்தான். “அதெல்லாம் அன்றோடு சரிங்க ஐயா” என்றான். அவன் சொல்லில் கசப்பு இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பஞ்சகனித் தலைமையாசிரியரும் என்னைப் போன்ற ஒருவரே. அவர் முன்னும் மதிப்பெண் பட்டியல் இருந்திருக்கும். தொலைவிலிருந்த தந்தையும் செலவுக்குக் கணக்குப் பார்ப்பவர்தாம். அவர் ஒரு கடிதம் எழுதினார். நானும் ஒரு தந்தையை வரவழைத்தேன். பாடுகிற எல்லாரும் மெர்க்குரி ஆவதில்லை என்பதை நான் அறிவேன். என் மாணவனும் ஆகியிருக்க மாட்டான். ஆனால் மாலைப் பொழுதில் தன் பிள்ளைகளுக்காவது பாடிக்கொண்டிருப்பான்.

சென்ற மாதம் பேரன் கிதார் கற்க விரும்புவதாகச் சொன்னான். அவன் தந்தையாகிய என் மகன் வெளியூரில் பணிபுரிகிறான். பத்தாம் வகுப்பு நெருங்கும் வேளையில் இது எதற்கு என்று தொலைபேசியில் சினந்தான். என் மகனல்லவா, என் சொற்களையே சொன்னான். முத்தியாலுப்பேட்டையில் ஓர் ஆசிரியர் வாரம் இரண்டு நாள் கற்பிக்கிறார். கட்டணம் விசாரித்துக்கொண்டேன். தொலைபேசியில் பேசினால் சண்டையில் முடியும் என்பதால், மகனுக்குக் கடிதமாகவே எழுதி அனுப்பியிருக்கிறேன். மறுமொழி இன்னும் வரவில்லை.